மணலுக்குப் பிறகே நடைபாதை

கடலோர நகரங்களில் கரையோரப் பொதுவெளிகளை எப்படி வடிவமைப்பது என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பார்சிலோனாவின் படத்தைக் காட்டித்தான் தொடங்குவார்கள். 1992 ஒலிம்பிக் போட்டிக்காக அந்த நகரம் தன் பழைய தொழிற்சாலைக் கரையைக் கடற்கரையாக மாற்றியது உண்மை. அந்தப் படத்தில் தெரியாத செய்தி ஒன்று இருக்கிறது. அங்கே கொட்டிய மணலைப் புயல்கள் வாரிக்கொண்டு போகின்றன, திரும்பத் திரும்பக் கொட்ட வேண்டியிருக்கிறது. 2020 ஜனவரியில் வந்த 'குளோரியா' புயல் அந்தக் கரையை மோசமாகச் சிதைத்தது. நம் ஊர் அதிகாரிகள் பார்த்துவிட்டு வந்து பாராட்டுவது நடைபாதையையும் அதன் ஓரத்து மரங்களையும். அவற்றைத் தாங்கும் மணலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. கடற்கரைப் பொதுவெளியில் முதலில் திட்டமிட வேண்டியது மணலின் வரத்தும் போக்கும். அடுத்தது, அந்த மணலை நம்பிப் பிழைப்பவர்களின் தொழிலிடம். நடைபாதை, விளக்கு, இருக்கை, செல்ஃபி எடுக்கும் பெயர்ப்பலகை எல்லாம் அதற்குப் பிறகு. நம் நகரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன. அதனால்தான் செலவு ஏற ஏறக் கரை குறைகிறது.

மெரினாவை எடுத்துக்கொள்வோம். உலகின் நீளமான நகரக் கடற்கரைகளில் ஒன்று என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். இயற்கை தந்த கொடை என்றும் கூடவே சொல்கிறோம். இரண்டாவதாகச் சொல்வது முழு உண்மை இல்லை. 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டபோது கடல் அதற்கு வெகு அருகில் இருந்தது. பனிக்கட்டியை மசூலாப் படகில் இறக்கி நேரே கிடங்குக்குக் கொண்டுபோக வசதியான இடம் என்பதால்தான் அங்கே கட்டினார்கள். இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்பதே அரிது. இடையில் நடந்தது துறைமுகம். 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. 1881 புயல் அவற்றை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் மணல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய நீண்ட மாதங்களில் அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காற்று வீசும் சில மாதங்களில் அது தெற்கே திரும்புகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கியே போகிறது. கடலுக்குள் நீட்டிய சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. அப்படிக் குவிந்த புதுக்கரையின் ஓரத்தில்தான் 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலையை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். கரை வந்த பிறகு நடைபாதை வந்தது. அந்த வரிசையாவது சரியாக இருந்தது.

அந்தக் காலப் பொறியாளர்களுக்கு இது தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். துறைமுகத்தின் வாயில் முதலில் கிழக்கே இருந்தது. மணல் வந்து அதை அடைத்துக்கொண்டே இருந்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைமையில் அதை மூடிவிட்டு வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார்கள். மணலின் கணக்கு கப்பலுக்காகப் போடப்பட்டது. ஊருக்காகப் போடப்படவில்லை. தெற்கே சேர்ந்த மணல் வடக்கே போயிருக்க வேண்டிய மணல். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை உள்ள கரைக்கு அது வந்து சேரவில்லை. அலை மட்டும் வந்தது. வடசென்னையின் மீனவக் குப்பங்கள் தெருத் தெருவாக வீடுகளைக் கடலுக்குப் பறிகொடுத்தன. பிறகு கருங்கல் கொட்டினார்கள், அதன் மேல் சாலை போட்டார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளாகத் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். இன்று தென்சென்னைக்காரர் மாலையில் காலாற நடக்கும் மணல் ஒரு பக்கம், வடசென்னைக்காரர் லாரிகளுக்கு இடையே ஒதுங்கி நின்று கருங்கல் குவியலின் மேல் பார்க்கும் கடல் இன்னொரு பக்கம். ஒரே சுவர்தான் இரண்டையும் உண்டாக்கியது. மெரினாவை நகரத்தின் பொதுச் சொத்து என்று சொல்கிறோமே, அந்தச் சொத்தில் வடசென்னைக்குத் தரவேண்டிய பாக்கி இருக்கிறது. கடற்கரை மேம்பாட்டுக்கு ஒதுக்கும் பணம் வழக்கம்போல மெரினாவுக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் போகும்போதெல்லாம் இந்தப் பாக்கி எனக்கு நினைவுக்கு வருகிறது.

சென்னையில் நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு நடந்தது புதுச்சேரியில் சில ஆண்டுகளில் நடந்து முடிந்தது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. மணல் தடைபடும் என்று தெரிந்தே, அதைத் தெற்கிலிருந்து எடுத்து வடக்கே இறைத்துவிடும் ஏற்பாடும் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. சுவர் நின்றது, மணல் இறைக்கும் ஏற்பாடு பேருக்குத்தான் நடந்தது. நகரத்தின் முகமாக இருந்த கடற்கரை மறைந்தது. கடற்கரைச் சாலையைக் காக்க நீளக் கருங்கல் சுவர் வந்தது. அந்தச் சாலை இன்றும் நாட்டின் மிக இனிமையான உலாவும் இடங்களில் ஒன்று என்பதை மறுக்க மாட்டேன். மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை வரை வாகனங்களை அனுமதிக்காத ஏற்பாடு, எந்த நகரமும் பைசா செலவில்லாமல் பின்பற்றக்கூடியது. ஆனால் ஒரு தலைமுறைப் புதுச்சேரிப் பிள்ளைகள் கடலில் கால் நனைக்காமலே, கல் மேல் நின்று அதைப் பார்த்து வளர்ந்தார்கள். அது பாதி நஷ்டம்தான். கருங்கல் முடிகிற இடத்தில் அரிப்பு தொடங்கும். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று வடக்கே நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போனது. ஓரிடத்தைக் காக்கத் தூண்டில் வளைவு கட்டினால் அதற்கு வடக்கே உள்ள அடுத்த ஊர் வீடு இழந்தது. ஒரு சாலையின் அழகுக்கான விலையை அந்தச் சாலையில் நடக்காதவர்கள் கொடுத்தார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், நியாயமான எதிர்வாதம். 'கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. இப்போது போய் மணல் ஓட்டம், அலை ஆராய்ச்சி என்று பேசிக்கொண்டிருக்க முடியுமா? கல்லைக் கொட்டாமல் வேறு என்ன செய்வது?' இரவோடு இரவாகச் சுவர் இடிந்து விழும் குடும்பத்திடம் பொறுமையைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை கிடையாது. அவசரத்துக்குக் கல் தேவைப்படும். நான் மறுப்பது இரண்டு பழக்கங்களை. ஒன்று, அவசரத்துக்குக் கொட்டிய கல்லை நிரந்தரத் தீர்வாக விட்டுவிடுவது. இன்னொன்று, அந்தக் கல் சுவரின் மேல் கிரானைட் பதித்து, கைப்பிடிக் கம்பி வைத்து, அதையே கடற்கரைப் பூங்கா என்று திறந்து வைப்பது. கல் சுவர் ஒரு தற்காப்பு ஏற்பாடு. அதைத் தற்காப்பாகவே கணக்கில் எழுத வேண்டும், பொதுவெளிக் கணக்கில் எழுதக் கூடாது. வேறு வழி இல்லாமலும் போகவில்லை. புதுச்சேரியிலேயே 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை மூழ்க வைத்தார்கள். அலையின் வேகம் அங்கே தணிய, துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் சேர்க்க, காணாமல் போன கடற்கரையின் ஒரு பகுதி திரும்பி வந்தது. சுற்றுலாப் பயணிகள் அதில் இறங்கி நடந்தார்கள். இதை முழு வெற்றி என்று நான் சொல்லவில்லை. ஒரு திட்டு அதன் பக்கத்துக் கரைக்குத்தான் உதவும், வடக்கே உள்ள குப்பங்களின் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. மணலுக்கு வழி செய்தால் கரை திரும்பும் என்பதற்கு மட்டும் அது சான்று. அந்தப் பணத்தில் இன்னும் நூறு விளக்குக் கம்பம் நட்டிருந்தால் மணல் வந்திருக்காது.

கடல் மட்டமும் சும்மா இருக்கவில்லை. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்பது பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழுவின் ஆறாவது மதிப்பீடு. உயரும் வேகம் கூடிக்கொண்டும் வருகிறது. கரை உள்வாங்க இடம் இருந்தால் கடற்கரை தன்னைத் தானே பின்னால் நகர்த்திக்கொள்ளும். பின்னால் சுவர் இருந்தால் நகர வழியில்லை, மணல் கரைந்துபோகும். ஆகவே அலைக்கு அருகில் நிரந்தரமாகக் கட்டும் ஒவ்வொரு மேடையும் ஒவ்வொரு வாகன நிறுத்தமும் நாளைய கடற்கரையிலிருந்து இன்றே வெட்டியெடுக்கும் துண்டு.

இனி, மணலில் நடக்கும் தொழிலுக்கு வருகிறேன். பேச்சில் அதிக நேரம் இதற்குத் தர விரும்புகிறேன், ஏனென்றால் வரைபடங்களில் இது இருப்பதே இல்லை. கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் கடற்கரை வெள்ளையாக இருக்கும், காலி இடம் என்று பொருள். மீனவருக்கு அதே இடம் படகு இழுத்து நிறுத்தும் இடம், வலை காயவைத்துப் பின்னும் இடம், கருவாடு காயும் இடம், பெரிய வலையை இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்கும் இடம், மீன் ஏலம் விடும் இடம், கூட்டம் கூடிப் பஞ்சாயத்துப் பேசும் இடம். பருவத்துக்குப் பருவம் இந்த இடங்கள் மாறும். ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும் மணல் அடுத்த மாதம் இருபது படகுகள் நிற்கும் துறையாகும். காலையில் ஒரு முறை வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் ஆலோசகருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1985இல் சென்னை பார்த்தது. மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் கரையிலிருந்து அகற்ற அன்றைய அரசு முற்பட்டது. மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்த டிசம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். அழகு என்ற சொல்லுக்கு ஒரு கடற்கரையில் இவ்வளவு விலை கொடுக்கப்பட்டது என்பதை வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களுக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

அதே சச்சரவு வேறு உருவத்தில் இன்னும் தொடர்கிறது. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை, நொச்சிக்குப்பத்தை ஊடுருவிப் போகும் லூப் சாலையைப் பாருங்கள். குப்பத்துக்கும் அதன் கடலுக்கும் நடுவே போடப்பட்ட சாலை அது. போட்ட பிறகு, சாலையோரம் மீன் விற்பது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஆனது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. கடைகளை அகற்றும் நடவடிக்கைக்கு எதிராக மீனவர்கள் சாலையில் படகுகளையும் வலைகளையும் போட்டு மறித்தார்கள். 2024இல் முந்நூறுக்கும் மேற்பட்ட கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி தேவைதான், தண்ணீரும் கூரையும் வடிகாலும் பெண்களுக்குக் கிடைப்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் இந்தக் கதையில் யார் யாருக்கு இடைஞ்சல் என்ற கேள்வி கடைசிவரை ஒரு பக்கமிருந்தே கேட்கப்பட்டது. மீன் விற்கும் பெண் முன்பே அங்கே இருந்தார். கார் பிறகு வந்தது.

'கடற்கரை எல்லோருக்கும் பொது. ஒரு சமூகத்துக்கு மட்டும் அதை எழுதிக் கொடுத்துவிட முடியுமா? துர்நாற்றமும் குப்பையும் இல்லாத கரையில் நடக்க மற்றவர்களுக்கு உரிமை இல்லையா?' என்று கேட்பார்கள். உரிமை உண்டு. இந்தக் கேள்வி மறைத்துவிடும் ஓர் உண்மையும் உண்டு. மீனவர்கள் கடற்கரைக்கு வேலி போட்டதில்லை. அவர்களுடைய பொது நிலத்தில்தான் நகரம் இத்தனை காலம் சுண்டல் தின்றது, பட்டம் விட்டது, காதல் செய்தது. வேலி போடுவது எப்போதும் பிறகு வருபவர்கள்: விடுதிகள், பண்ணை வீடுகள், டிக்கெட் வைக்கும் பூங்காக்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) நெடுகக் கடலுக்குப் போகும் சந்துகள் எத்தனை தனியார் மதில்களால் அடைபட்டிருக்கின்றன என்று கணக்கெடுத்தால் பொதுமக்களின் உரிமையைப் பறித்தவர் யார் என்பது விளங்கும். தவிர, மீன் வேலையின் நேரமும் உலாவும் நேரமும் பெரும்பாலும் வெவ்வேறு. அதிகாலையில் படகு அணையும், முற்பகலில் விற்பனை முடியும். நகரம் மாலையில் வரும். ஒரே மணலை நேரத்தால் பங்கிட்டுக்கொள்ள முடியும். புதுச்சேரிச் சாலையில் வாகனத்துக்கும் நடப்பவருக்கும் நேரத்தைப் பங்கிட்டது போலத்தான் இதுவும். நாற்றத்தைப் பொறுத்தவரை, மீன் கழிவை அன்றன்றே அள்ள வேண்டியது மாநகராட்சியின் கடமை, குப்பத்தின் குணம் அல்ல.

அடுத்து வருவது போக்குவரத்து வாதம். நகரம் நெரிகிறது, கடலோரம்தான் நிலம் கையகப்படுத்தும் தொல்லை இல்லாத இடம், அங்கே சாலை போடலாம், கூடவே பூங்காவும் தரலாம் என்பார்கள். சென்னையிலும் கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோர உயர்மட்டச் சாலை பேசப்பட்டு, குப்பத்து மக்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. மும்பை அதைச் செய்தே காட்டிவிட்டது. கடலைத் தூர்த்துக் கட்டிய கடற்கரைச் சாலை 2024இலிருந்து பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. பரந்த பூங்காக்களும் நீண்ட உலாவுமிடமும் அதோடு வரும் என்று வாக்களித்தார்கள். அந்தத் திட்டத்தில் எனக்குப் பாடமாகத் தோன்றுவது வொர்லியில் நடந்தது. அங்கே சாலைக்கான பாலத்தின் தூண்களுக்கு இடையே 60 மீட்டர் இடைவெளி விட்டிருந்தார்கள். அலையடிக்கும் நாளில் அதற்குள் படகைச் செலுத்த முடியாது, 160 மீட்டராவது வேண்டும் என்று வொர்லி கோலிவாடா மீனவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 120 மீட்டருக்கு இறங்கி வந்தது மாநகராட்சி. திட்டம் தாமதமானது, செலவு கூடியது. வரைபடம் போடும் முன்பே படகோட்டியைக் கேட்டிருந்தால் இரண்டும் நடந்திருக்காது. உலகம் வேறு திசையில் போன உதாரணமும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடேரோ கரையை மறைத்துக்கொண்டு இரண்டடுக்கு உயர்மட்டச் சாலை நின்றது. 1989 நிலநடுக்கத்தில் அது சேதமானதும், பழுதுபார்க்காமல் 1991இல் இடித்துவிட்டார்கள். அதன் இடத்தில் மரங்களும் டிராம் தடமும் நடைவழியும் கொண்ட சாதாரணச் சாலை வந்தது. நகரம் முடங்கிப் போகவில்லை. ஒரு விபத்து கொடுத்த துணிச்சலால் நடந்தது அது. நாம் கட்டாமல் இருப்பதற்கு அவ்வளவு துணிச்சல்கூடத் தேவையில்லை.

நான் கட்டுமானத்தின் எதிரி என்று தோன்றக் கூடாது. மணலை அப்படியே விட்டுவிட்டால் எல்லோருக்கும் கடற்கரை கிடைத்துவிடாது. மெரினாவில் சாலையிலிருந்து அலை வரை உள்ள தூரத்தைச் சக்கர நாற்காலியில் கடக்க முடியாமல் ஒரு பகுதி மக்கள் நூறாண்டுக்கு மேல் கடலைத் தூரத்திலிருந்தே பார்த்தார்கள். 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை ஒன்று நிரந்தரமாகத் திறக்கப்பட்டது. இவ்வளவு காலத்தில் மெரினாவில் செய்யப்பட்ட மிகச் சிறந்த வேலை அதுதான் என்பது என் தீர்ப்பு. மெரினாவில் உள்ள தலைவர்களின் எந்த நினைவிடத்தையும் அதற்கு இணையாக வைத்துப் பேச மாட்டேன். திறந்து இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அலைப் பக்கத்து முனையைப் பிய்த்தெறிந்தது. அப்போது சிரித்தவர்கள் பலர். சிரிக்க என்ன இருக்கிறது? மரப்பாதை என்பதால் பழுதுபார்த்து மறுபடியும் திறக்க முடிந்தது. கான்கிரீட்டாக இருந்திருந்தால் உடைந்த பாளங்கள் இன்னும் மணலில் கிடந்து காலைக் கிழித்துக்கொண்டிருக்கும். புயல் அடிக்கும் கரையில் கட்டுவதற்கு இது நல்ல இலக்கணம்: இலேசாகக் கட்டு, கழற்றும்படி கட்டு, அக்டோபருக்கு முன் அலையோரப் பகுதியைக் கழற்றி வை, தை பிறந்ததும் மாட்டு. பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஒரே கஷ்டம். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைப்பார்கள், பராமரிப்புக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

கழிப்பறை, குடிநீர், நிழல் மூன்றும் மணலின் நிலப்பக்க விளிம்பில் இருக்கலாம், இருக்க வேண்டும், முக்கியமாகப் பெண்களுக்கு. விளக்கு விஷயத்தில் நிதானம் தேவை. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சம் உள்ள திசையைக் கடல் என்று எண்ணிப் போகும். உயர்கோபுர விளக்கு எரிந்தால் அவை சாலைக்குத்தான் போகும். 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காப்பாற்றி வருகிறது. கடலைப் பார்க்காமல் கீழே பார்க்கும், தாழ்ந்த, மஞ்சள் ஒளி விளக்கு போட்டால் நடப்பவருக்கும் போதும், ஆமைக்கும் தொல்லையில்லை. மணல் மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் அடும்பையும் இராவணன் மீசையையும் 'களை' என்று வழித்துவிட்டுப் புல்தரை போடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். நல்ல தண்ணீரை ஊற்றிக் கடலோரத்தில் புல் வளர்ப்பது, தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் செய்யும் காரியமா?

2021இல் நம் கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றைப் பெற்றன. பிரான்சில் 1985இல் தொடங்கிய ஏற்பாடு அது. நீரின் தூய்மையைச் சோதிப்பது, பாதுகாவலர் வைப்பது போன்றவை அதில் உள்ள நல்ல நிபந்தனைகள். குளிப்பவர் இறக்கும் மெரினாவில் பாதுகாவலர் எண்ணிக்கையைக் கூட்ட அந்தச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. என் தயக்கம், அந்த நிபந்தனைகள் குளிக்கவும் வெயில் காயவும் மட்டுமே பயன்படும் ஐரோப்பியக் கரைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதில் இருக்கிறது. படகு நிற்கும் கரைக்கு அந்த அளவுகோல் முழுக்கப் பொருந்தாது. சான்று வாங்குவதற்காகப் படகை ஒதுக்கினால் மெரினாவின் 1985 மறுபடியும் வரும், வேறு பெயரில்.

சட்டம் என்ன சொல்கிறது? 1981இல் பிரதமர் இந்திரா காந்தி, அலை ஏற்ற எல்லையிலிருந்து 500 மீட்டருக்குக் கட்டடம் வேண்டாம் என்று கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 2011இல் அது திருத்தி எழுதப்பட்டபோது மீனவர் குடியிருப்புகளையும் அவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்ற எண்ணம் சட்டத்துக்குள் நுழைந்தது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டடத் தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. ஊரூர் ஆல்காட் குப்பம் போன்ற இடங்களில், அரசு வரைபடத்தில் தங்கள் இடங்கள் விடுபட்டதைக் கண்ட மீனவர்களே துறைகளையும் வலைத்தரைகளையும் அளந்து வரைபடம் போட்டார்கள். தொழிலிடத்தைத் திட்டமிடுவது என்று தொடக்கத்தில் நான் சொன்ன இரண்டாவது வேலை இதுதான். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குப்பத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆலோசகருக்குத் தரும் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரலாம்.

பொதுவெளி என்றால் கூடிப் பேசும் இடமும்தான் என்பதை விட்டுவிட மனமில்லை. 1923இல் நாட்டின் முதல் மே தினம் கொண்டாடப்பட்ட இடங்களில் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. கொண்டாடியவர் அதே கரையின் மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் திரண்டதும் அங்கேதான். மறு ஆண்டே, மெரினாவில் போராட்டத்துக்கு இடமில்லை என்ற அரசின் நிலையை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தலைவர்களின் நினைவிடங்களுக்கு மணலில் இடமிருக்கிறது, உயிரோடு இருப்பவர்கள் உட்கார்ந்து கோரிக்கை வைக்க இடமில்லை. இதற்கு வடிவமைப்பாளர் என்ன செய்ய முடியும் என்பீர்கள். இருக்கிற வெறும் மணலை நிரப்பாமல் விடலாம். கூட்டம் கூட முடியாதபடி பாத்தியும் நீரூற்றும் கம்பியுமாகப் பிரித்துப் போடும் வரைபடத்தில் கையெழுத்திட மறுக்கலாம்.

இதெல்லாம் நாளாகும், நிதி ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டுமே என்பது அலுவலகங்களில் உண்மையாகவே சொல்லப்படும் கடைசி ஆட்சேபம். மணல் ஒரு சுற்றுச் சுற்றிவர இரண்டு பருவமும் வேண்டும், அதாவது ஓர் ஆண்டு. அந்த ஓர் ஆண்டு அளந்த பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரினால் குறைந்தது தவறான இடத்தில் கல் கொட்டும் செலவு மிஞ்சும். மெரினாவிலிருந்து கோவளம் வரையிலான கரையைச் சீரமைக்கும் பெருந்திட்டம் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருக்கிறது. வடசென்னைக் கரைக்கான அறிவிப்புகளும் வருகின்றன. இங்கே பொறியாளர்களும் கட்டடக்கலை மாணவர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் இருக்கிறீர்கள். எந்தக் கடற்கரைத் திட்டத்தின் வரைவு வந்தாலும் மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள்: மணல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அளந்தீர்களா, குப்பத்தின் பொது இடங்கள் இதில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, வடக்கே உள்ள அடுத்த ஊருக்கு என்ன ஆகும். கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் குளிரூட்டிய அரங்கில் நடத்தாமல் காசிமேட்டிலும் எண்ணூரிலும் நடத்தச் சொல்லுங்கள், நடந்தால் நீங்களும் போய் உட்காருங்கள்.